குறுக்கே ஒரு கோடு

இல்லங்க, எங்கிட்ட நாய் கிடையாது. பூனையும் கிடையாது. டாக்டரைப் பாக்கவும் வரலை. மூணு மணி வரைக்கும் மூடியிருக்கும்னு வெளிய பலகை தொங்குது, அதைப் படிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன். யாரும் இல்லாத நேரமா உங்களைப் பாக்கணும்னு. இந்த ஸ்டூல்ல உக்காரலாமா? ஈரமா இருந்தாலும் பரவால்ல.

நீங்க வேலையை நிறுத்த வேண்டாம். கிண்ணத்தைக் கழுவிக்கிட்டே கேளுங்க, எனக்கும் அதுதான் நல்லது. மூஞ்சிக்கு நேரா பாத்தா எனக்குப் பேச்சு வராது. அந்தக் கூண்டுல இருக்கிறது கடிக்குமா? மயக்கத்துல இருக்கா, சரி சரி.

எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? பாத்திருக்கீங்க, சிஸ்டர்.

சரி, கூப்பிடலை. தப்புதான். இப்ப உங்களை யாரும் அப்படிக் கூப்பிடறதில்லைன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயில வந்துடுச்சு. அக்கான்னு கூப்பிடறேன். விசாரணை அன்னைக்கு, அந்தப் பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேர் இருந்தாங்க இல்லையா, கண்காணிப்பாளர் அம்மா, வக்கீல், அப்புறம் அந்த வயசான டாக்டர். அவங்களுக்கு வலப்பக்கம் சுவரோரமா ரெண்டு நாற்காலி. ஒண்ணுல உயரமா, கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர். அவர் என் மச்சான், என் பொண்டாட்டிக்குக் கூடப் பிறந்த அண்ணன். இன்னொண்ணுல மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு தலையே நிமிராம ஒருத்தன். அது நான்.

ஆமா. அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிதான்.

கதவைக் காட்டாதீங்கக்கா. போறேன், நானே போயிடறேன். ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன், அதைக் கேட்டுட்டு அப்புறம் விரட்டுங்க. அன்னைக்கு அந்த மருந்துப் பட்டியல்ல கோடு இல்ல. நீங்க சொன்னது சரி. உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல.

உக்காருங்க. அந்தப் பக்கெட்டை நான் நகர்த்தறேன். தண்ணி குடிக்கிறீங்களா?

சொல்றேன். முதல்ல இருந்தே சொல்றேன், அவசரப்படுத்தினா நான் பாதியை முழுங்கிடுவேன். எனக்கு அந்தக் குணம் உண்டு. பொண்டாட்டியே சொல்லுவா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, ஆனா உங்ககிட்ட இருந்து உண்மையை வாங்கணும்னா குறடு வேணும்னு.

எங்க கம்பெனின்னா பெரிசா நினைக்காதீங்க. மொத்தம் நாலு பேரு. மச்சான் ஆளைப் பிடிப்பார், பேசுவார், கையெழுத்து வாங்குவார். நான் எழுதுவேன். மத்த ரெண்டு பேர் போன் எடுக்கறவங்க. நான் வேலையில்லாம ரெண்டு வருஷம் உக்காந்திருந்தவன். அப்ப அவர்தான் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் குடுத்தார். வீட்டு மாப்பிள்ளைன்னு இல்ல, தங்கச்சி கண் கலங்கக் கூடாதுன்னு. அதை எனக்கு நல்லாத் தெரியும்படி நடந்துக்குவார். நல்லவர்தான். நல்லவர்கிட்ட கடன்பட்ட மாதிரி கஷ்டம் உலகத்துல எதுவும் இல்லக்கா.

நீங்க வார்டுல பாத்த அந்த மருந்துப் பட்டியல், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒண்ணு வருமே, அது என் கை வேலை. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, யார் எழுதினது. டாக்டர் ஒரு மருந்தை நிறுத்தினா அது பட்டியல்ல இருந்து மறையாது, குறுக்கே கோடு விழும். மறைஞ்சா முன்னாடி என்ன குடுத்தாங்கன்னு தெரியாம போயிடும்னு உங்க டாக்டர்களே கேட்டு வாங்கினது. ஆரம்பத்துல கோட்டோட பக்கத்துலயே ரத்துன்னு ஒரு வார்த்தையும் சிவப்புல இருந்தது. ஞாபகம் இருக்கா உங்களுக்கு? இருக்கும். அதை எடுத்தது நான்தான். பக்கம் அடைசலா இருக்குன்னு மேலிடத்துல யாரோ சொன்னாங்களாம், மச்சான் வந்து சொன்னார், கோடு போதாதான்னு. போதும்னு எனக்கும் தோணிச்சு. கோட்டைப் பாத்தா குழந்தைக்கும் புரியுமேன்னு எடுத்துட்டேன்.

இப்ப அந்தக் கோடு எங்க இருக்குன்னு சொல்றேன். கொஞ்சம் எங்க தொழில் பேச்சு, பொறுத்துக்கோங்க. உங்க கண்ணு முன்னாடி ஒரு பக்கம் திறக்குதே, அது ஒரே சாமான் இல்ல, ரெண்டு. எழுத்து வேற, அலங்காரம் வேற. எழுத்துன்னா மருந்துப் பேரு, நேரம், கட்டில் நம்பர். அது ஆளுக்கு ஆள், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், புரோகிராம் அப்பப்ப எழுதிக் குடுக்கும். அலங்காரம்னா கலரு, கட்டம், எழுத்து பெருசா சின்னதா, குறுக்கே கோடு விழணுமா வேண்டாமா, இது எல்லாம். அது யாருக்கும் மாறாது. அதனால அதைத் தனி ஃபைலா வச்சிருப்போம். மாறாத ஃபைல், ஸ்டாட்டிக் ஃபைல்னு சொல்லுவோம். உங்க மெஷின் முதல்ல எழுத்தை வாங்கும், அப்புறம் அந்த ஃபைலைக் கேட்டு வாங்கி எழுத்து மேல போத்திக்கும். ஃபைல் கிடைக்கலைன்னா ஒண்ணும் சத்தம் போடாது. எழுத்தை மட்டும் வெறுமனே காட்டிட்டுச் சும்மா இருக்கும்.

முந்தியெல்லாம் ரெண்டும் உங்க ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழ இருந்த ஒரே மெஷின்லதான் இருந்தது. ரீஸ்டார்ட்டுன்னு பட்டப்பேரு வச்சிருந்தீங்களே கம்ப்யூட்டர் ரூம் அண்ணனுக்கு, எதைக் கேட்டாலும் அணைச்சுப் போடுங்கன்னு சொல்லுவாரே, அவர்தான் அதுக்குக் காவல். போன வருஷம் எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தினோம். கிளவுடுன்னா மேகம் கீகம் ஒண்ணும் இல்லக்கா. எங்கயோ இருக்கிற யாரோட மெஷினோ, நாம வாடகைக்கு இருக்கோம். அங்க வசதி என்னன்னா, புரோகிராம் ஒரு இடத்துல ஓடும், மாறாத ஃபைலுக்குன்னு தனியா ஒரு கிடங்கு உண்டு. எத்தனை பேர் கேட்டாலும் அந்தக் கிடங்கே எடுத்துக் குடுத்துடும். ஆனா அந்தக் கிடங்குக்கு ஃபைல் தானா நடந்து போகாது. நாம எதையாவது மாத்தினா, எல்லாத்தையும் திரட்டி அங்க கொண்டு போய்ப் போடச் சொல்லி ஒரு கட்டளை குடுக்கணும். ஒரே ஒரு வரி. வீடு மாறும்போது ஆளெல்லாம் வண்டியில ஏறிப் போயிட்டு, பாத்திரம் பூரா பழைய வீட்டிலயே கிடந்தா எப்படி இருக்கும்? அந்த ஒரு வரியைக் குடுக்காட்டி அப்படித்தான்.

அதைத்தான் மறந்தேன்.

என்ன மாத்தினேன்னா... சொல்லவே நாக்கு கூசுதுக்கா. உங்க ஆஸ்பத்திரிக்குப் புதுச் சின்னம் வந்ததே, இலை போட்டு, பச்சையா. பட்டியலோட தலைப்பு நீலமா இருந்ததைப் பச்சையா மாத்தச் சொன்னாங்க. அவ்வளவுதான். மருந்துப் பட்டியலுக்குன்னு இருந்த அலங்கார ஃபைல்ல ஒரு கலரை மாத்தினேன். மாத்தினா அந்த ஃபைலுக்குப் புதுப் பேர் விழும், பழசோட குழம்பக் கூடாதுன்னு. என் மெஷின்ல போட்டுப் பாத்தேன், அழகா இருந்தது. என் மெஷின்ல கிடங்கு கிடையாது, ஃபைல் பக்கத்துலயே இருக்கும், அதனால எப்பவும் அழகாத்தான் இருக்கும். மதியம் ஒண்ணு பன்னெண்டுக்கு ஏத்தினேன். ஏத்திட்டு உள்ள நுழையற பக்கத்தை மட்டும் திறந்து பாத்தேன். அதுக்கு வேற ஃபைல், அது கிடங்குல ஏற்கெனவே இருந்தது. எல்லாம் சரின்னு லேப்டாப்பை மூடிட்டேன். பட்டியல் பக்கத்தைத் திறந்து பாக்கலை. பாத்திருந்தா பாதி நிமிஷம். அவசரம். மச்சானோட பொண்ணுக்கு அன்னைக்குப் பிறந்தநாள், மதியச் சாப்பாடு அவங்க வீட்டுல, லேட்டாப் போனா பொண்டாட்டி முறைப்பா.

உங்க பட்டியல் பக்கம் அந்தப் புதுப் பேர்ல ஃபைலைக் கேக்குது, கிடங்கு இல்லைங்குது. மத்த பக்கம் எல்லாம் எப்பவும் போல இருக்கு, அந்தப் பட்டியல்ல மட்டும் கலர் இல்ல, கட்டம் இல்ல, கோடு இல்ல. நீங்க விசாரணையில சொன்னீங்களே, அன்னைக்கு எல்லாமே ஒரே கறுப்பா இருந்துது, எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்துதுன்னு. அது அப்படியே உண்மை. அட்சரம் பிசகாத உண்மை.

பதினாலாம் கட்டில்ல இருந்த அந்த பஸ் டிரைவருக்கு ரத்தம் உறையாம இருக்கிற ஊசி முந்தின நாள் வரைக்கும் ஓடிச்சு. காலையில ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், வயித்துல ரத்தக் கசிவு இருக்கும் போல இருக்குன்னு அதை நிறுத்திட்டார். மெஷின்ல நிறுத்தினார், வாயால யார்கிட்டயும் சொல்லலை. ரெண்டு மணி டூட்டிக்கு நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்து பதினாலாம் கட்டிலோட பட்டியலைத் திறக்கறீங்க. அதுல ஊசி இருக்கு, நேரம் ரெண்டுன்னு இருக்கு, கோடு இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க? போடுவீங்க. நான் இருந்தாலும் போட்டிருப்பேன்.

அப்ப நாங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்னு சொல்லட்டா? பொண்ணு மெழுகுவத்தியை ஊதிக்கிட்டு இருந்தா. ரெண்டரை தாண்டி மச்சானுக்கு போன். பிள்ளைங்க வார்டுல இருந்து ஒரு நர்ஸ் அம்மா, கலரைக் காணோம்னு. மச்சான் என்னைப் பாத்தார், நான் தட்டை நகர்த்திட்டு அங்கயே மேசை மேலயே லேப்டாப்பைத் திறந்தேன். பாத்த உடனே தெரிஞ்சுது. அந்த ஒரு வரியைக் குடுத்தேன். ரெண்டு நாப்பத்தி ஒண்ணு. நாலு நிமிஷம் கூட ஆகலை. மச்சான் என்னப்பா அதுன்னார். ஒண்ணும் இல்ல மச்சான், கலர் ஃபைல் ஏறலைன்னேன். எனக்கு கோடு ஞாபகமே வரலைக்கா. நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. கலருன்னுதான் நினைச்சேன். திரும்ப உக்காந்து சாப்பிட்டேன்.

நாலு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில இருந்து கடிதம். இப்படி ஒரு இறப்பு, நர்ஸ் கோடு இல்லைன்னு சொல்றாங்க, உங்க விளக்கம் வேணும்னு. தேதியும் நேரமும் போட்டிருந்தது. நான் அந்த நேரத்தைத்தான் படிச்சேன், மத்த எதுவும் கண்ணுல படலை. கழிப்பறையில போய் உக்காந்துட்டேன்.

மச்சான்கிட்ட சொன்னேன். சொல்லாம இல்ல. கதவைச் சாத்திட்டு எல்லாத்தையும் சொன்னேன். அவர் பேனாவை மூடறார், திறக்கறார். அப்புறம் கேட்டார், இது உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? பிள்ளைங்க வார்டு அம்மாவுக்குன்னேன். அவங்களுக்குத் தெரிஞ்சது கலரு, அவ்வளவுதானேன்னார். அப்புறம் ஒண்ணு சொன்னார், அதை நான் அப்படியே சொல்லணும் உங்களுக்கு. தம்பி, பதினோரு ஆஸ்பத்திரி நம்மளை நம்பி இருக்கு. நாலு குடும்பம் இதுல சாப்பிடுது. போன உசுரு திரும்ப வராது. அந்தம்மா இத்தனை வருஷ அனுபவம், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சண்டை போடலை நான். வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ அழுதா. பஸ் டிரைவருக்காகத்தான் அழுதா, பொய் சொல்லக் கூடாது. அழுது முடிச்சுட்டு, எங்க அண்ணனைக் கூண்டுல ஏத்திட்டு வந்து இந்த வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்கன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அதுக்கப்புறம் இந்தப் பேச்சை அவ எடுக்கலை, நானும் எடுக்கலை.

அந்தப் பிள்ளைங்க வார்டு அம்மாவா? அவங்களை எழுதிக் கேட்டாங்க. ஞாபகம் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க. கூட வேலை பாக்கிற ஒருத்தியை வெளிய தள்ளறாங்கன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் ஞாபகம் குறைஞ்சு போகும்.

விசாரணை அன்னைக்குப் பக்கத்தைச் சுவர்ல பெருசாப் போட்டுக் காட்டினது நான். அதே பதினாலாம் கட்டில். பச்சைத் தலைப்பு, கட்டம், ஊசி மேல கோடு. கோடு நல்லாத் தடிமனா இருந்தது. அந்த அறையில எல்லாரும் கோட்டைப் பாத்தாங்க, அப்புறம் உங்களைப் பாத்தாங்க. நீங்க எழுந்து நின்னு சொன்னீங்க, இருக்கிற கோட்டைப் பாக்காத அளவுக்கு என் கண்ணு இன்னும் கெடலை, அன்னைக்கு இது இல்லைன்னு. குரல் கொஞ்சமும் நடுங்கலை. நான் விசைப்பலகையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

மச்சான் அவர் பங்குக்கு நல்லாவே பேசினார். இந்தப் புரோகிராம் எத்தனை வருஷமா ஓடுது, எத்தனை லட்சம் மருந்து போயிருக்கு, அன்னைக்கு ஒரு நிமிஷம் கூட நிக்கலைன்னார். நிக்கலைதான். புரோகிராம் நிக்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா எப்படின்னு பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒரு பொய் கூட அவர் சொல்லலைக்கா.

பொய் சொன்னது நான். அந்த வயசான டாக்டர் இருந்தாரே, அவர் மச்சானை விட்டுட்டு என் பக்கம் திரும்பினார். தம்பி, இதை எழுதினது நீங்கதானே, நீங்க சொல்லுங்க, அன்னைக்கும் பக்கம் இப்படித்தான் இருந்துதான்னு கேட்டார். சும்மா கேக்கலை, அவருக்கு எங்கயோ உறுத்திச்சு, எனக்குத் தெரிஞ்சுது. நான் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா பிடிச்சுக்கிட்டிருப்பார். ஆமா சார்னேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். மெதுவாச் சொன்னேன், ஆனா கேட்டிருக்கும்.

அதுக்கப்புறம்தானே உங்களைக் கண் டெஸ்டுக்கு அனுப்பினாங்க. கண்ணாடி மாத்தி மூணு வருஷம் ஆச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதி, அதையே காரணமாக்கி... அந்த ரிப்போர்ட்டோட நகல் எங்களுக்கும் வந்தது. கடைசியில நீங்க கையெழுத்துப் போட்ட தாளும் வந்தது. கவனக்குறைவால கோட்டைப் பாக்காம விட்டிருக்கலாம்னு. லைசென்சை நிறுத்தி வைக்காம இருக்கணும்னா இதுல கையெழுத்துப் போடுன்னாங்களா? போட்ட பிறகும் நிறுத்திட்டாங்க இல்ல. நினைச்சேன்.

இல்லக்கா. அதைத்தான் சொல்ல வந்தேன். அப்படி நினைக்காதீங்க. ஒருவேளை இருந்துதோ, நாமதான் பாக்கலையோன்னு உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துது. ராத்திரி பகல் எந்நேரமும். வந்துதா? அழாதீங்க. இல்ல, அழுங்க. இந்தக் கண்ணாடி புதுசுதானே, இதுக்கு அவசியமே இல்ல. பழைய கண்ணாடியில நீங்க பாத்ததுதான் சரி.

நாய்ங்களைப் பிடிச்சுக்கிற வேலைக்கு வந்துட்டீங்கன்னு ரீஸ்டார்ட் அண்ணன்தான் சொன்னார். அவர் உங்களைப் பத்தி நல்லபடியாத்தான் பேசறார். வார்டுல நீங்க இருந்தா டாக்டரே குரலைத் தாழ்த்திப் பேசுவார்னார். கையில என்ன, கடிச்சுதா? தையல் போட்டீங்களா? நீங்களே போட்டுக்கிட்டீங்களா.

அந்த டிரைவர் வீட்டம்மாவையும் நான் பாத்தேன். விசாரணை முடிஞ்சு வெளிய வரும்போது கீழ படியில உக்காந்திருந்தாங்க. ஒரு பையில அவரோட ஷூ. கட்டிலுக்கு அடியிலயே விட்டுட்டுப் போயிருக்காங்க, அதை வாங்க வந்தாங்களாம். அவங்க உங்களைத் திட்டினாங்க, உங்க காதுல விழுந்திருக்கும், மாடியில நின்னுக்கிட்டு இருந்தீங்க. அவளுக்குக் கண்ணு அவிஞ்சு போகன்னு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. நான் அவங்க பக்கத்துல இருந்த கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிப் போனேன். காருல மச்சான் எனக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்தார்.

ஒண்ணு பண்ணேன். அந்த வாரமே பட்டியல்ல ரத்துங்கிற வார்த்தையைத் திரும்பப் போட்டுட்டேன். கோடு போனாலும் வார்த்தை நிக்கும், வார்த்தை எழுத்தோட சேர்ந்து வர்றது. மச்சான் பாத்துட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிட்டார். ஆஸ்பத்திரியில இருந்து யாரோ போன் பண்ணி நல்லா இருக்குன்னாங்களாம்.

என்னது? எழுதித் தரவா?

அக்கா, எழுதறது பெரிசில்ல. இப்பவே கூட எழுதலாம். அந்த வயசான டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னா போறதுதான் நியாயம், எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. மச்சான் என்ன சொல்லுவார்? என்னை வேலையை விட்டு அனுப்பிட்டு, அந்த ஆத்திரத்துல பேசறான்னு சொல்லுவார். நான் எழுதினது ஒரு பக்கம், நான் ஆமா சார்னு சொன்னது ஒரு பக்கம், ரெண்டும் என் வாய்தானே. எதை நம்புவாங்க? கையில ஏதாவது இருக்கணும் இல்ல.

இருந்துது. இல்லைன்னு சொல்லலை. அந்தக் கிடங்கு இருக்கே, மாறாத ஃபைல் வச்சிருக்கிற இடம், அதுக்கு ஒரு பழக்கம். யார் எந்த ஃபைலைக் கேட்டாலும் வரி வரியாக் குறிச்சுக்கும். எத்தனை மணிக்கு, எங்க இருந்து, எந்தப் பக்கத்துக்காகக் கேட்டாங்க, குடுத்தோமா இல்லையான்னு. இல்லைன்னா நானூத்தி நாலுன்னு ஒரு நம்பர் விழும். விசாரணையில யாரும் அதைக் கேக்கலை. அப்படி ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. மச்சானுக்கே தெரியாது. கடிதம் வந்த அன்னைக்கு நான் திறந்து பாத்தேன். ஒண்ணு அம்பத்தேழு, உங்க ஆஸ்பத்திரியில இருந்து, பதினாலாம் கட்டில் பட்டியலுக்காக. நானூத்தி நாலு. நீங்கதான் அது. நீங்க அந்தப் பக்கத்தைத் திறந்த நிமிஷம், அதுல கோடு இல்லைங்கறதுக்கு மெஷினே சாட்சி. என் வாயும் வேண்டாம், உங்க கண்ணும் வேண்டாம்.

அழிக்கலை. சத்தியமா நான் கை வைக்கலை. அழிச்சா யார் அழிச்சாங்கன்னும் அது குறிச்சுக்கும். நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அது தொண்ணூறு நாள்தான் வச்சிருக்கும், அப்புறம் பழசு தானாப் போயிடும். இடம் அடைக்குமேன்னு எல்லாரும் அப்படித்தான் வைக்கறது.

நகல் எடுத்திருக்கலாம். தெரியுங்கக்கா, ஒரு நிமிஷ வேலை. தினம் திறந்து பாப்பேன். அந்த வரி இருக்கான்னு பாப்பேன், இருக்கும், மூடிடுவேன். ஒரு தடவை போன்ல படம் பிடிக்கக் கூடப் போனேன். போன் கை வரைக்கும் வந்துது.

நேத்து காலையில திறந்தேன். அந்த நாளே இல்ல. அதுக்கு மறுநாள்ல இருந்துதான் இருக்கு. மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தேன், சுத்தமா இல்ல. மூடி வச்சுட்டு மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மூணு மாசத்துல முதல் தடவையா ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடறேன்னு பொண்டாட்டிக்கு ஒரே சந்தோஷம். சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு வந்துதான் அக்கா, ரீஸ்டார்ட் அண்ணனுக்கு போன் போட்டு நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டேன்.